முன்னங்கால் எப்போது ஒடிந்தது

என் பிரியமுள்ள மச்சான் ஏழுமலைக்கு,

நீ போய் இன்றோடு பன்னிரண்டு நாள் ஆகிறது. பதினாறாம் நாள் உனக்குக் கருமாதி. எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது என்பது உனக்குத் தெரியும். பொன்னேரி தபாலாபீஸ் வாசலில் உட்கார்ந்து மணியார்டர் பாரம் எழுதித் தருகிறாரே ஒருவர், அவர் எதிரில் குந்திக்கொண்டு சொல்கிறேன். நான் சொல்வதை அவர் நல்ல தமிழில் எழுதிக்கொள்ளட்டும். ஆனால் யார் யார் என்ன பேசினார்களோ அதை மட்டும் பேசினபடியே போடச் சொல்லியிருக்கிறேன்.

“யாருக்கு லெட்டரு, பெருசு?” என்று கேட்டார்.

“என் மச்சானுக்கு.”

“அட்ரஸு சொல்லு.”

“செத்துட்டாம்பா.”

பேனாவை மூடினார். என்னைப் பார்த்தார். மறுபடி திறந்தார். “சரி சொல்லு. ஸ்டாம்பாவது மிச்சம்” என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கோபமும் வரவில்லை. பன்னிரண்டு நாளாக எதுவுமே வரவில்லை.

கும்மிடிப்பூண்டியில் உன் லைன் வீட்டு வாசலில் உன்னைக் கிடத்தியிருந்தபோதும் அப்படித்தான் இருந்தேன். பெஞ்சில் உட்காரச் சொன்னார்கள், உட்கார்ந்தேன். டீ கொடுத்தார்கள், குடித்தேன். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைத்தேன். ஷிப்ட்டில் இருந்து பாதியில் மார்வலி என்று வந்து படுத்தவன் எழுந்திருக்கவில்லை என்று உன் பெண்டாட்டி வருகிறவர்களிடமெல்லாம் முதலில் இருந்து சொல்லிக்கொண்டிருந்தாள். நான் மூன்று தடவை கேட்டேன். மூன்று தடவையும் யாரோ ஒருவனைப் பற்றிக் கேட்பதுபோலத்தான் இருந்தது.

நேற்று கருமாதிப் பத்திரிகை வந்தது. சுற்றிலும் கறுப்புக் கோடு போட்டிருந்தது. ஸ்கூல் டீச்சரம்மா வலைக்காரர் தெரு வழியாகப் போனார்கள், நிறுத்திப் படிக்கச் சொன்னேன். “பூனைக்கால் ஏழுமலை அவர்கள்” என்று படித்தார்கள். இன்னொரு தடவை படிக்கச் சொன்னேன். அதேதான் இருந்தது.

நம் குப்பத்தில் மூன்று ஏழுமலை. ஒருவன் நெட்டை, ஒருவன் படகுக்காரன், ஒருவன் பூனைக்கால். எழுதிக் கொடுத்தவன் கெட்ட எண்ணத்தில் கொடுக்கவில்லை. ஊர் ஏழு வருஷமாக அழைத்த பேரைக் கொடுத்தான்.

இன்று காலை முதல் பஸ்ஸில் பொன்னேரி வந்து அச்சாபீஸுக்குப் போனேன்.

“இன்னா பெருசு, எழுத்துத் தப்பா?”

“அந்தப் பேரு வாணாம்பா. எடுத்துட்டு வேற அடிச்சிக் குடு.”

“நல்லாக்கீதே! அந்தப் பேரு இல்லாங்காட்டி எந்த ஏழுமலைன்னு ஜனம் கேக்கும். பத்திரிக ஊரு ஊராப் போயாச்சு. பட்டப்பேருதான, வுடு.”

கல்யாணப் பத்திரிகைக்காக வந்து நின்ற ஒருவர், “பூனக் கால ஒடிச்சாராமே, நெசமாவா?” என்று கேட்டுச் சிரித்தார். நேராக இங்கே வந்து குந்தினேன்.

இந்தக் காகிதம் உனக்கு மட்டும் இல்லை, மச்சான். பதினாறாம் நாள் சபையில் நான் எழுந்து நின்று பேசுவேன். வாய் வராமல் போனால் படிக்கத் தெரிந்த யாராவது இதைப் படிக்க வேண்டும். அதனால் உனக்குத் தெரிந்ததையும் சொல்கிறேன். கேட்கிறவர்களுக்கு விளங்க வேண்டும்.

கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஒவ்வொரு கம்பெனியாக ஷெட் போட்டுக்கொண்டிருந்த சமயம். தாய் இல்லாத உன்னைக் கன்னியம்மாதான் வளர்த்தாள். உன் அக்கா என்று பேர், தாய்தான் அவள். வலை இழுக்க மாட்டேன் என்று நீ இரும்புக் கம்பெனியில் சேர்ந்தாய். எங்களுக்குப் பிள்ளை இல்லை. ஒரு நாள் உன் சாப்பாட்டுப் பையில் இருந்து ஒரு பூனைக்குட்டியை எடுத்து என் கையில் வைத்தாய். வெள்ளையில் சாம்பல் திட்டு. ஷெட்டுக்குக் கீழே தாய் செத்துக் கிடந்தது என்றாய்.

அதற்கு முந்தின வருஷம் ஒரு குட்டி வளர்த்தேன். மீன் தலையைப் போட்டேன், தொண்டையில் முள் மாட்டிக்கொண்டு என் உள்ளங்கையிலேயே செத்தது. அதனால் இந்தக் குட்டிக்கு ஒரு முள்கூடப் போகக்கூடாது என்று முடிவு செய்தேன். ஏரியிலே வளர்ந்தவன் நான். மடவை மீனில் எந்த முள் எங்கே படுத்திருக்கிறது என்பது என் விரலுக்குத் தெரியும். வேகவைத்து, முதுகுமுள் வயிற்றுமுள் எல்லாம் உருவி, சதையை மட்டும் பிசைந்து வைப்பேன். கன்னியம்மா சிரிப்பாள். “எனக்கு ஒரு நாளாவது இப்பிடி முள்ளு எடுத்துக் குடுத்துக்கீறியா?” என்பாள். நீதான் அதற்குப் பேர் வைத்தாய். “முள்ளு எடுத்த மீனு துன்றான் மாமா, இவன் தொரைதான்.” அன்றில் இருந்து அது துரை.

ஊரில் எல்லா வீட்டிலும் மனிதன் சதையைத் தின்பான், பூனை முள்ளைத் தின்னும். என் வீட்டில் மட்டும் மாறிப்போனது. பால் கொடுத்தால் அதற்கு வயிற்றால் போயிற்று என்று பாலையும் நிறுத்தினேன். நாய் பிடித்துவிடும் என்று கயிற்றில் கட்டி உள்ளேயே வைத்தேன். எலி, பல்லி எதுவும் அதன் வாயில் பட்டதில்லை.

மூன்று மாதம் போனது. அது ஓடவில்லை, தாவவில்லை. தூக்கினால் கத்தியது. “இன்னா மாமா, பூன குதிக்கவே மாட்டேங்குது?” என்று நீ கேட்டாய். “வளப்பு அப்பிடி” என்றேன். எவ்வளவு பெருமையாகச் சொன்னேன்! அதற்கு அப்போதே உள்ளே நொய்ந்துகொண்டிருந்தது.

பிறகு அந்த நாள். முந்தின நாள் சாயங்காலம் அது உன் காக்கிச் சட்டை மேல் மூத்திரம் பெய்தது. “இன்னொருவாட்டி பண்ணு, கால ஒடச்சிடறேன்” என்று கத்தினாய். தெருவே கேட்டது. நீ கோபக்காரன், ஆனால் அந்தக் கோபம் கத்தினதோடு போய்விடும். அது எனக்குத் தெரியும். தெருவுக்குத் தெரியாது.

மறுநாள் பத்து மணிக்கு வலையோடு வந்தேன். கன்னியம்மா மீன் விற்கப் போயிருந்தாள். நீ ராத்திரி ஷிப்ட் முடித்துத் தூங்கிக்கொண்டிருந்தாய். தூணோரம் துரை கிடந்தது. பின்னங்கால் ஒன்று தொங்கியது.

உன்னை எழுப்பி வெளியே இழுத்துக்கொண்டு வந்தேன். வலை காயப்போடுகிற இடத்தில், அத்தனை பேர் எதிரில்.

“இன்னாடா பண்ண அத?”

“நான் தொடவே இல்ல மாமா.”

“ஒடச்சிடறேன்னு சொன்னது யாருடா? இன்னிக்குப் பூன காலு, நாளைக்கு உங்க அக்கா காலா?”

கூட்டம் நிற்கும்போது கன்னியம்மா கூடையோடு வந்தாள். அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். “அடிச்சேன்னு ஒத்துக்கடா. மாமாகிட்ட மன்னாப்பு கேளு. அத்தோட போச்சு.”

“அடிக்காதத எப்பிடிக்கா ஒத்துக்கறது?”

“பொய் பேசறவன் எனக்குத் தம்பி இல்ல.”

நீ உள்ளே போய்ப் பையை எடுத்துக்கொண்டாய். வாசலில் துரை மூன்று காலில் நின்று உன்னைப் பார்த்தது. நீ குனிந்து அதன் தலையைத் தடவினாய். எல்லாரும் பார்த்தார்கள். ஒருத்தர் மனசிலும் அது நிற்கவில்லை.

இதுவரைக்கும் ஊருக்குத் தெரியும். இனிமேல் சொல்வது ஊருக்குத் தெரியாது.

ஐந்தாம் நாள். வீட்டில் நானும் துரையும் மட்டும். மடித்து வைத்த வலைமேல் அதை உட்கார வைத்தேன். உயரம் ஒரு ஜாண் இருக்கும். அது கீழே இறங்கியது. தாவக்கூட இல்லை, சறுக்கி இறங்கியது. ஒரு சின்னச் சத்தம். முன்னங்கால் மடங்கியது. அது என்னைப் பார்த்துக் கத்தியது.

நான் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தேன். அடிக்காமலே ஒடிகிறது என்று அந்த நிமிஷமே எனக்குத் தெரிந்துபோயிற்று. நீ தொடவில்லை என்று தெரிந்துபோயிற்று.

மதியம் கன்னியம்மா வந்தாள். “முன்னங்காலும் தொங்குதே! இது எப்ப?”

“அன்னிக்கே ஒடிஞ்சிருக்கும். இப்பதான் தெரியுது.”

இதுதான் நான் சொன்னது. வேறு ஒன்றும் சொல்லவில்லை. ஏன் சொன்னேன் என்று நானே என்னை எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். கூட்டத்தில் கத்தின கத்தலை எப்படித் திருப்பி எடுப்பது? எனக்கு வழி தெரியவில்லை. “ரெண்டு காலையுமா ஒடச்சான் பாவி!” என்றாள் கன்னியம்மா. அன்று சாயங்காலம் குழாயடியில் உனக்குப் பேர் வைத்துவிட்டார்கள்.

மறுநாள் துரையை நண்டுக் கூடையில் வைத்து ரயிலேறினேன். மெட்ராஸில் பெரிய மாட்டாஸ்பத்திரி. எருமை, குதிரைக்கு நடுவில் நான் கூடையோடு நின்றேன். டாக்டர் கண்ணாடி போட்டவர், மரியாதையான மனிதர்.

“யாராவது அடிச்சாங்களா?”

“இல்ல சார்.”

“நிச்சயமா?”

“என் கண்ணெதிர்ல ஒடிஞ்சிது சார். யாரும் அடிக்கல.”

முன்பின் தெரியாத அவரிடம் அது அவ்வளவு சுலபமாக வந்தது, மச்சான்.

“என்ன சாப்பாடு குடுக்கறீங்க?”

“மடவை சார். முள்ளு ஒண்ணு வுடமாட்டேன். வேணும்னா ஒரு மீனு குடுங்க, எடுத்துக் காட்டறேன்.”

அவர் எக்ஸ்ரே படம் எடுக்க அனுப்பினார். பிறகு படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். சதை தெரிந்தது. உள்ளே எலும்பு இருக்க வேண்டிய இடத்தில் புகை மாதிரி ஏதோ இருந்தது.

“எலும்பு எங்க சார்?”

“அதத்தான் நானும் தேடறேன்” என்றார்.

உட்கார வைத்து விளக்கினார். பூனையின் கழுத்தில், நமக்கு இருப்பதுபோலவே, நெல்மணி அளவில் நாலு சுரப்பி இருக்கிறதாம். பாராதைராய்டு என்று பேர். ரத்தத்தில் சுண்ணாம்புச் சத்து குறையாமல் காவல் காப்பது அதன் வேலை. தீனியில் சுண்ணாம்பு வரவில்லை என்றால் அது எலும்பில் இருந்து எடுத்து ரத்தத்துக்குக் கொடுக்கும். தினமும் எடுத்தால் எலும்பு அப்பளமாகிவிடும். வளருகிற குட்டிக்கு இன்னும் சீக்கிரம்.

“மீன் சதையில சுண்ணாம்பு இல்லியா சார்?”

“இருக்கறது போதாது. நீங்க எடுத்து வெளிய போட்டீங்களே, அதுலதான் இருக்கு.”

நம் ஊர் உனக்குத் தெரியும். ஏரிக்கரையெல்லாம் கிளிஞ்சல் குவியல், பக்கத்திலே சுண்ணாம்புக் காளவாய். காலையில் எழுந்தால் அந்தப் புகைதான். அங்கே வளர்ந்த பூனைக்குச் சுண்ணாம்பு இல்லை என்றார் டாக்டர்.

“அந்தச் சுரப்பிய அறுத்து எடுத்துடணுமா சார்?”

“வேணாம். அது மேல தப்பு இல்ல. அது வேலைய அது சரியா செஞ்சிருக்கு. நீங்க தீனிய மாத்துங்க, அது தானா அடங்கிடும்.”

காலுக்குக் கட்டுப் போடச் சொன்னேன். கூடாது என்றார். இவ்வளவு மெலிந்த எலும்பில் கட்டுப் போட்டால் கட்டுக்கு மேலே ஒடியுமாம். ஓடாமல், ஏறாமல், திரும்ப மட்டும் இடம் இருக்கிற கூட்டில் ஆறு வாரம் வைக்கச் சொன்னார். சுண்ணாம்புப் பொடி பொட்டலம் கொடுத்தார். கொஞ்சம் கொஞ்சமாகப் பால் பழக்கச் சொன்னார். சின்ன மீனை முள்ளோடு வேகவைத்து அரைத்துக் கொடுக்கச் சொன்னார். திரும்பி வரும்போது அந்தச் சுரப்பியின் பேரை ரயில் முழுக்கச் சொல்லிக்கொண்டே வந்தேன். மறந்துவிடுமோ என்று பயம். எதற்கு அந்தப் பயம்? யாரிடம் சொல்லப் போகிறேன் என்று அதை மனப்பாடம் செய்தேன்?

“டாக்டரு இன்னா சொன்னாரு?” என்று கேட்டாள் கன்னியம்மா.

“எலும்புல சுண்ணாம்பு கொறச்சலாம்.”

“அப்ப அவன் அடிச்சது?”

“அது வேற.”

அவள்தான் நெத்திலியை வேகவைத்து அம்மியில் முள் தெரியாமல் அரைத்தாள். துரை முதலில் தொடவில்லை, சதை கேட்டுக் கத்தியது. பழைய சதையில் விரல்நுனி அளவு அரைத்ததைக் கலந்தேன், மறுநாள் இரண்டு விரல், அப்புறம் பாதிப்பாதி. பத்து நாளில் அதையே தின்றது. நண்டுக் கூடைதான் கூடு. மூன்றாம் வாரம் தானே எழுந்து நின்றது. ஆறு வாரம் கழித்து நடந்தது. பின்னங்கால் வெளியே வளைந்து, முன்னங்கால் உள்ளே மடங்கி, படகு ஆடுகிற மாதிரி ஒரு நடை.

இன்றைக்கும் அப்படித்தான் நடக்கிறது, மச்சான். உன்னைவிட அதற்கு ஆயுசு கெட்டி. தெருவில் அது போகும்போதெல்லாம் புதிதாக வந்தவர்கள் கேட்பார்கள், பழையவர்கள் உன் பேரைச் சொல்வார்கள். நான் பக்கத்தில் உட்கார்ந்து வலைக்கண் கோத்துக்கொண்டிருப்பேன்.

ரெண்டு வருஷம் கழித்துக் கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனில் நாம் பார்த்தோமே. நீ கல்யாணம் ஆகி லைன் வீட்டுக்குப் போன புதிது. எனக்கு டீ வாங்கிக் கொடுத்தாய்.

“தொர எப்பிடிக் கீறான் மாமா?”

“நடக்கறான்.”

“முன்னங்காலும் ஒடிஞ்சிதாமே. ஊர்ல ரெண்டு காலுன்னு சொல்றாங்க.” டம்ளரைப் பார்த்துக்கொண்டே கேட்டாய். “நான் தலையத் தடவும்போது முன்னங்காலு ரெண்டும் நல்லா ஊனிக்கினு நின்னான். முன்னங்காலு எப்ப மாமா ஒடிஞ்சிது?”

“வண்டி வந்துட்ச்சு” என்றேன்.

வண்டி வரவில்லை. சிக்னல் கைகாட்டிகூட விழவில்லை. நீயும் நானும் பெஞ்சில் இன்னும் கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். நீ மறுபடி கேட்கவே இல்லை. வண்டி வந்ததும் என் பையைத் தூக்கி உள்ளே வைத்தாய். “அக்காவ கேட்டேன்னு சொல்லு” என்றாய். அதையும் நான் சொல்லவில்லை.

ஒரு தடவை அதட்டிக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனோ? நீ ஏன் அதட்டவில்லை? கோபக்காரன் என்றுதானே உனக்குப் பேர்?

இன்று விடிந்ததும், புறப்படும் முன்னால், கன்னியம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வலை, ஒரு ஜாண் உயரம், நான் சொன்ன பொய், டாக்டர், ஸ்டேஷன். அவள் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். கழுவி முடித்துக் கையைத் துடைத்துக்கொண்டாள்.

“உனக்குத் தெரியும்னு அவனுக்குத் தெரியுமாய்யா?”

“தெரியும்.”

“எத்தினி வருசமா?”

“அஞ்சு.”

“அஞ்சு வருசம்” என்றாள். “யாராண்டயும் சொல்லலியே என் தம்பி.”

நான் நின்றுகொண்டிருந்தேன். கத்துவாள் என்று பார்த்தேன், கத்தவில்லை.

“சபையில சொல்லு” என்றாள். “ஒரு வார்த்த வுடாத. ஆனா ஒண்ணு. அன்னிக்கு அத்தினி பேரு முன்னால உன் பக்கம் நின்னேன். கருமாதிக்கு உன்கூட வந்து குந்த மாட்டேன். அவன் பொண்டாட்டி பக்கத்துல போயி குந்தறேன்.”

அதற்குப் பிறகுதான் பஸ் ஏறினேன்.

மச்சான், உன் மகன் தலையில் உருமால் கட்டுகிற நேரம் எல்லா ஊர்க்காரரும் இருப்பார்கள். கட்டுவதற்கு முன்னால் நான் எழுந்து நிற்பேன். பூனையின் காலை ஏழுமலை ஒடிக்கவில்லை, முள்ளை எடுத்துப் போட்டு நான்தான் ஒடித்தேன், தெரிந்த பிறகும் ஏழு வருஷம் வாயை மூடிக்கொண்டிருந்தேன் என்று சொல்வேன். அந்தச் சுரப்பியின் பேரையும் சொல்வேன். சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். பூனைக்கால் என்று இனி யாரையாவது அழைக்க வேண்டுமானால் என்னை அழைக்கட்டும், நான் திரும்பிப் பார்க்கிறேன். அப்போது என் பக்கத்தில் யாரும் இருக்க மாட்டார்கள். இருந்தாலும் நிற்பேன். சொல்லி முடிக்காமல் உட்கார மாட்டேன்.

இப்படிக்கு,
உன் அக்காள் புருஷன்,
நீ ஸ்டேஷனில் பை தூக்கி வைத்த மாமா,
கோவிந்தன்
(கைநாட்டு)